சொல்லி எழுத எந்த மைக்: ஹெட்செட்டா, மேசை மைக்கா, புளூடூத்தா?

மொழிபெயர்ப்பு வேலையில் பாதிக்கு மேல் இப்போது கணினியிடம் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன். கூகுள் குரல் தட்டச்சில் 2017-இலேயே தமிழ் வந்துவிட்டது. செயலியை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட மைக்கை மாற்றினால் பிழை சட்டென்று குறையும். மூன்று வகையையும் வைத்து வேலை பார்த்த பிறகு, கம்பி வைத்த யூஎஸ்பி ஹெட்செட்தான் என் தேர்வு.

புளூடூத் இயர்பட்ஸ் பாட்டுக் கேட்க அருமை. ஆனால் அதன் மைக்கைத் திறந்ததும் இணைப்பு தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். பழைய முறையில் ஒலி நொடிக்கு 8,000 மாதிரிகளாக, அதாவது அளந்தெடுத்த துணுக்குகளாகத்தான் போகும்; ஸ, ஷ போன்ற உரசொலிகளின் கூர்மை அதில் அடிபடும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மாடல்களோ நொடிக்கு 16,000 மாதிரிகளில் பயிற்சி பெற்றவை. புதிய இயர்பட்ஸ் பல இதில் தேறிவிட்டன என்றாலும், அவற்றோடு எனக்குப் பழக்கம் குறைவு.

மேசை மைக்கில் குரல் வானொலி போலக் கேட்கும். ஆனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் அடுக்குமாடி வீட்டில் அது காற்றாடியையும், துன் சம்பந்தன் சாலை மோனோரயிலையும், பிற்பகல் மழையையும் சேர்த்தே வாங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி இரட்டிப்பானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். காற்றாடிச் சத்தமோ அப்படியே இருக்கும். மூலப் பிரதியைப் பார்க்கக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே போதும், மேசை மைக்கில் இது நடந்துவிடும். தமிழுக்கு இது இன்னும் பெரிய தொல்லை. நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அங்கேதான் மூச்சும் தணிகிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்று வேறுபடுத்தும் அந்த ஈற்றெழுத்து இரைச்சலில் கரைந்தால், திருத்துகிற வேலை தட்டச்சைவிட அதிகமாகிவிடும். ஹெட்செட் மைக் தலையோடு திரும்புவதால் தூரம் மாறுவதே இல்லை.

மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். உதட்டோரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கொஞ்சம் கீழே இருக்கட்டும். ‘பப்பாளி, அப்பப்போ’ என்று பதிவு செய்து கேளுங்கள். ‘தொம்’மென்று காற்று மோதினால் இன்னும் கன்னப் பக்கம் ஒதுக்குங்கள்.

பேசும் விதமும் மாற வேண்டும். வாக்கியத்தை மனத்தில் முடித்துவிட்டு ஒரே ஓட்டமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தினால், மலையா மழையா என்று முடிவுசெய்ய மாடலுக்கு அக்கம்பக்கச் சொல் கிடைக்காது. கத்த வேண்டாம், கடைசிச் சொல்லை மட்டும் தணிய விடாதீர்கள்.

ஹெட்செட்டிலும் குறை உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் காது வேர்க்கும், மைக் நுரையுறை நாறும். அதை அவ்வப்போது கழுவிக் காயவைக்க வேண்டும். நாலு பேர் பேசும் கூட்டத்தைப் பதிவு செய்ய மேசை மைக்தான் சரி. சட்டையில் குத்தும் மைக்கை இரவல் வாங்கிக் கொஞ்சம்தான் பார்த்தேன். தலை திரும்பும்போது குரல் ஏறி இறங்கியது.

கோலாலம்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் வாங்குவதென்றால் கடையிலேயே செருகிப் பேசிப் பாருங்கள். அந்தக் கூட்ட இரைச்சலிலும் ‘வந்தார்’ என்பது ‘வந்தாள்’ ஆகாமல் விழுந்தால் தாராளமாக வாங்கலாம்.