சிபான்: பெர்ல் மாட்யூல் வைத்திருப்பவர்களுக்காக ஒரு மதிப்புரை

பெர்ல் என்ற நிரல்மொழியில் நீங்கள் எழுதிய சின்ன மாட்யூல், அதாவது மற்ற நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் துண்டு ஏதாவது உங்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறதா? அதைப் பெர்ல் மாட்யூல்களின் பொதுக் கிடங்கான சிபானில் ஏற்றுங்கள். பழைய மொழி, பழைய கிடங்கு என்று தயங்க வேண்டாம். ஏற்றி வைக்க இப்போது எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. ஏற்றிய பிறகு அடுத்தடுத்த பதிப்புகளை விடும்போது சிபான் நமக்காகச் செய்கிற வேலை இருக்கிறதே, அதை இவ்வளவு முழுமையாகச் செய்துதரும் வேறு இடத்தை நான் பார்க்கவில்லை.

என் தொழில் புரோகிராமிங் இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா வட்டாரப் பொது நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது அது. இன்று தமிழ்நாட்டிலும் நிறையக் கல்லூரி நூலகங்களில் ஓடுகிறது. எழுதப்பட்டிருப்பது பெர்லில். அதனால் நூற்பட்டியலில் கொத்தாக எதையாவது திருத்த வேண்டியிருந்தால் பெர்லில் நாலு வரி எழுதிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த நாலு வரி போதுமானதாக இருப்பதற்குக் காரணமே சிபான்தான். நூல் பதிவுகள் மார்க் என்ற வடிவத்தில் இருக்கும். அவற்றைப் படிக்கவும் எழுதவும் மார்க்::ரெக்கார்டு இருக்கிறது. ஒவ்வொரு மார்க் பதிவுக்கும் 24 எழுத்து நீளத்தில் ஒரு தலைப்பகுதி உண்டு. பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனால் 9-ஆம் இடத்தில் ‘ஏ’ என்ற ஆங்கிலச் சின்ன எழுத்து இருக்க வேண்டும். இருந்தால்தான் பதிவு யூனிகோடில் இருக்கிறது என்று பொருள். அந்த இடம் காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் தமிழ்த் தலைப்பு ஒழுங்காக இருந்தாலும், படிக்கிற மென்பொருள் அதை வேறு குறியீடாக எடுத்துக்கொண்டு குப்பையாகக் காட்டிவிடும். மார்க்::ரெக்கார்டில் இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும்.

அகரவரிசைக்கு யூனிகோட்::கொலேட்::லோக்கேல். யூனிகோட் எண்களை மட்டும் வைத்து அடுக்கினால் ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில் ‘ஜ’ புகுந்துகொள்ளும். ‘கணம்’ முன்னால் வரும், ‘கண்’ பின்னால் போகும். இந்த மாட்யூலிடம் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் போதும், மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் வைத்து, ‘ற’, ‘ன’ இரண்டையும் கடைசிக்குக் கொண்டுபோய், கிரந்த எழுத்துகளை அதற்கும் அப்பால் நிறுத்தும். எழுதியவர் ஒரு ஜப்பானியர். நம் ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் சரியான வரிசையில் வருவதற்கு அவருடைய உழைப்பும் காரணம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இப்படி எடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, திருப்பிக் கொடுக்கவும் ஒன்று அமைந்தது. பழைய பதிவுகளில் ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அடித்திருப்பார்கள். ‘கௌ’வில் வரும் குறியும் அப்படித்தான், ஒற்றைக்கொம்பு ஒன்று, ‘ள’ ஒன்று. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது. ஔவையார் நூல் அலமாரியில் இருக்கும்போதே பட்டியலில் இல்லை என்று மாணவர்கள் திரும்பிப் போவார்கள். யூனிகோடின் வழக்கமான சீராக்கம் இதைத் தொடுவதில்லை, ஏனென்றால் ‘ள’ தனி எழுத்து. ‘ஒள்ளிய’ போன்ற சொற்களில் அது முறையாகவே வரும். எங்கே மாற்றலாம், எங்கே தொடக்கூடாது என்று பார்த்துத் திருத்துகிற மாட்யூல்தான் என்னுடையது.

இனி ஏற்றும் அனுபவத்துக்கு வருகிறேன். சிபான் 1995 அக்டோபரில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு இருந்த சிடான் கிடங்குதான் முன்மாதிரி. பின்லாந்தில் யார்க்கோ ஹியெட்டனியெமி கிடங்கை ஒழுங்குபடுத்தினார், ஆசிரியர்கள் ஏற்றுவதற்கான பாஸ் சர்வரை ஆந்திரயாஸ் கோனிக் உருவாக்கினார். இன்றும் நாம் கணக்குத் தொடங்குவது அந்தப் பாஸ் சர்வரில்தான். மாட்யூலில் என்ன செய்யப்போகிறோம் என்று சுருக்கமாக எழுத வேண்டும், அதை ஒரு மனிதர் படித்துவிட்டு அனுமதி தருவார். உடனடியாகக் கணக்கு கிடைக்கிற இடங்களுக்குப் பழகியவர்களுக்கு இது தாமதமாகத் தெரியும். எனக்கு இது பிடித்திருந்தது. பக்கத்தின் தோற்றம்தான் மிகப் பழையது. எந்தப் பொத்தான் எதற்கு என்று முதல்முறை புரியவே புரியாது. புதிதாக வருகிற மாணவர் ஒருவரை இந்தப் பக்கமே விரட்டிவிடும், இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

பெயர் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. ஒரு மாட்யூல் பெயரை முதலில் ஏற்றுபவருக்கே அந்தப் பெயரின் உரிமை. வேறொருவர் அதே பெயரில் ஏற்றினால் கோப்பு உள்ளே வரும், ஆனால் நிறுவும் கருவிகள் பார்க்கிற பொது அட்டவணையில் சேராது. அங்கீகரிக்கப்படாத வெளியீடு என்று குறி விழுந்துவிடும். இன்னொருவரைத் துணைப் பராமரிப்பாளராகச் சேர்க்கவும் வழி உண்டு. ஏற்றிய கோப்பை அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினால்கூடப் பதிப்பு எண்ணை உயர்த்த வேண்டும். இது நல்லதுதான். 1.02 என்றால் உலகத்தில் எல்லோரிடமும் இருப்பது ஒரே 1.02.

பதிப்பு எண்ணைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெர்லில் அது சாதாரணத் தசம எண். 1.9-க்கு அடுத்தது 1.10 என்று போட்டால் சிபான் கணக்கில் அது குறைந்த எண், ஏனென்றால் 1.10 என்பது 1.1 தானே. எண் இறங்கிவிட்டது என்று அட்டவணை அதைச் சேர்க்காது. தொடக்கத்திலிருந்தே 1.01, 1.02 என்று இரண்டு இலக்கமாக வையுங்கள்.

அப்புறம்தான் சிபானின் உண்மையான பலம் தெரியும். 1998 முதல் நடந்துவரும் சிபான் டெஸ்டர்ஸ் என்ற தன்னார்வலர் கூட்டம் ஒன்று உண்டு. புதிய பதிப்பு வந்தவுடன் அவர்களுடைய இயந்திரங்கள் அதை இறக்கி, நாம் உள்ளே வைத்திருக்கும் சோதனைகளை ஓட்டி, முடிவை அனுப்புகின்றன. என்னிடம் இருப்பது டெபியன் லினக்ஸ் மட்டும். அறிக்கைகளோ ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, விண்டோஸ் என்று நான் தொட்டே பார்க்காத இயந்திரங்களிலிருந்து வந்தன. ஒவ்வொன்றிலும் பெர்லின் பல பதிப்புகள். எதில் தேறியது, எதில் தவறியது என்று கட்டம் கட்டமாகப் பச்சையும் சிவப்புமாக ஒரு அட்டவணை. ஒரு பழைய 5.12 பெர்ல் என் மாட்யூலை ஏற்கவில்லை என்று அறிக்கை வந்தது. நான் பயன்படுத்தியிருந்த ஒரு வசதி 5.14-இல்தான் மொழிக்குள் வந்தது. தேவைப்படும் பெர்ல் பதிப்பை மாட்யூலின் விவரக் கோப்பில் அறிவித்து அடுத்த பதிப்பை விட்டேன். அதற்குப் பின் பழைய இயந்திரங்கள் தங்களுக்குப் பொருந்தாது என்று மட்டும் குறித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. ஒரு ரூபாய் செலவில்லாமல், முகம் தெரியாத ஆட்களின் மின்சாரத்தில் இதெல்லாம் நடக்கிறது. அறிக்கைகள் எப்போதும் ஒரே வேகத்தில் வருவதில்லை, சில சமயம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே சோதனைகள் மொழிக்கும் உதவுகின்றன. 2013-இல் வந்த 5.18 பதிப்பில், ஹாஷ் எனப்படும் தரவு அமைப்பில் சாவிகள் வரும் வரிசையை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும்படி செய்தார்கள். 2017-இல் வந்த 5.26, மாட்யூல் தேடும் பாதையிலிருந்து நடப்பு அடைவை, அதாவது அப்போது நாம் இருக்கும் கோப்புறையை எடுத்துவிட்டது. வேறு யாராவது வைத்த கோப்பு தெரியாமல் ஏறிவிடக் கூடாது என்ற பாதுகாப்புக் காரணம். இரண்டு மாற்றமும் சரியானவை, இரண்டுமே நிறைய மாட்யூல்களை உடைக்கக்கூடியவை. எவை உடைகின்றன என்று வெளியீட்டுக்கு முன்பே சிபான் முழுவதிலும் ஓட்டிப் பார்த்து, அந்தந்த ஆசிரியர்களுக்குத் திருத்தத்தோடு எழுதினார்கள். மொழி மாறும்போது மாட்யூல்களும் கூடவே மாறுவது இப்படித்தான்.

நீக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ் சர்வரில் நம் கோப்பை நீக்கச் சொன்னால் உடனே போகாது, மூன்று நாள் அவகாசம் உண்டு. போன பிறகும் பேக்பான் என்ற காப்பகத்தில் அது இருக்கும். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் கிடங்கான என்பிஎம்மிலிருந்து ஒருவர் 11 வரி கொண்ட லெஃப்ட்-பேட் தொகுப்பை எடுத்துவிட, அதை நம்பியிருந்த பெரிய பெரிய திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. அதற்குப் பிறகுதான் என்பிஎம் நீக்கும் விதிகளை இறுக்கியது. ஐந்து வருடம் கழித்துப் பழைய பட்டியலை அதே பதிப்புகளை வைத்துத் திரும்ப ஓட்ட வேண்டிய என்னைப் போன்றவர்களுக்குப் பேக்பான் கொடுக்கும் நிம்மதி பெரிது.

இப்போது எனக்குக் கவலை தருகிற பகுதி, ஆசிரியர் ஒதுங்கிப்போன மாட்யூல்கள். சிபானில் இரண்டு லட்சத்துக்கு மேல் மாட்யூல்கள் இருக்கின்றன. பலவற்றுக்கு ஆள் இல்லை. எக்செல் கோப்பைப் படிக்கும் ஸ்ப்ரெட்ஷீட்::பார்ஸ்எக்செல் எல்லோரும் பயன்படுத்துகிற மாட்யூல். நூலகங்களில் பதிப்பாளர்கள் அனுப்பும் விலைப்பட்டியலைப் படிக்க நானும் பயன்படுத்துகிறேன். கோப்புக்குள் இருக்கும் எண் வடிவக் குறிப்பை அது அப்படியே பெர்ல் நிரலாக ஓட்டிவிடும் ஓட்டை ஒன்று 0.65 பதிப்பு வரை இருந்தது. 2023 டிசம்பரில் ஒரு மின்னஞ்சல் பாதுகாப்புச் சாதனத்தை உடைக்க அதைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்தினார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி 0.66 வந்துவிட்டது. விஷயம் வெளியே வந்த சில நாட்களில் திருத்தம் கிடைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் அவ்வளவு காலம் யாரும் கவனிக்காமல் அது கிடந்தது என்பதும் உண்மை. உங்கள் சர்வரில் இன்னும் 0.65 இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஆள் இல்லாத மாட்யூல்களுக்குச் சிபானில் ஒரு வழிமுறை இருக்கிறது. தன்னால் முடியவில்லை என்று நினைக்கும் ஆசிரியர், ‘ஹேண்ட்ஆஃப்’ என்ற பெயரைத் துணைப் பராமரிப்பாளராகச் சேர்த்துவிடலாம். உதவி வேண்டுமென்றால் ‘நீட்ஹெல்ப்’. ஆசிரியரைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் நிர்வாகிகளே ‘அடாப்ட்மீ’ என்று குறிப்பார்கள். பொறுப்பெடுக்க விரும்புபவர் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், பிறகு நிர்வாகிகளிடம் கேட்கலாம். கோயில் சாவியை ஊர் பெரியவர்கள் முன்னிலையில் கைமாற்றுவது போல நிதானமாக நடக்கும். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். கேட்டவருக்கெல்லாம் உரிமையைத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2018-இல் என்பிஎம்மில் ஈவென்ட்-ஸ்ட்ரீம் தொகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒருவர் அதன் வழியாக பிட்காயின் திருடும் நிரலைப் புகுத்தியதே சாட்சி.

பாதுகாப்பில் இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்புத் தொகைகளுக்குச் சிபான் கையொப்பம் இடுகிறது. ஆனால் நிறுவ எல்லோரும் பயன்படுத்தும் சிபான்எம் கருவி, நாம் தனியாகக் கேட்டால்தான் அதைச் சோதிக்கும். பெர்லோடு வரும், இணையத்திலிருந்து கோப்புகளை இறக்க உதவும் ஹெச்டிடிபி::டைனி மாட்யூல் 2023 வரை இணையதளச் சான்றிதழைத் தானாகச் சரிபார்க்காமலே இருந்தது, 0.083-இல்தான் மாறியது. பழைய பெர்ல் வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் புதுப்பியுங்கள். 2023-இல் சிபான் பாதுகாப்புக் குழு அமைந்த பிறகு இந்த வேலைகள் சூடு பிடித்திருக்கின்றன.

சிபானில் தேடுவதற்கு மெட்டாசிபான் என்ற தளம் மிக நன்றாக இருக்கிறது. எந்த மாட்யூலையும் இரண்டு பதிப்புகளுக்கு இடையே வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளலாம். நிறுவும் முன் மாற்றப் பட்டியலையும் டெஸ்டர்ஸ் கட்டத்தையும் இங்கேயே பார்த்துவிடுவேன்.

கல்லூரிகளில் இணையம் அடிக்கடி படுத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் சிபான்::மினி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தொகுப்பின் கடைசிப் பதிப்பை மட்டும் உள்ளூர் வட்டில் நகல் எடுத்துக்கொள்ளும். சில ஜிகாபைட் இடம் போதும். எங்கள் நூலகச் சர்வரில் இரவில் தானாக ஓடும்படி வைத்திருக்கிறேன், பகலில் கம்பி அறுந்தாலும் நிறுவும் வேலை நிற்பதில்லை.

முதல்முறை ஏற்றுகிறவர்கள் கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணுக்குப் பின் ‘டிரயல்’ என்று சேர்த்து ஏற்றுங்கள். அது பொது அட்டவணைக்குப் போகாது, யாருக்கும் தவறிப்போய் நிறுவப்படாது, ஆனால் டெஸ்டர்ஸ் இயந்திரங்கள் ஓட்டிப் பார்த்து அறிக்கை அனுப்பும். கட்டம் பச்சையானதும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அடுத்த எண்ணில் முறைப்படி வெளியிடலாம்.