டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வாட்டத்தைப் பாருங்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி ரூமை ஒட்டி அப்பாவுக்காக ஒரு பாத்ரூம் போட்டோம். முழங்கால் வலி, ராத்திரியில் அவரால் படி இறங்க முடியவில்லை. தெரிந்தவர் சொன்னாரே என்று ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன். டைல்ஸுக்கும் ஷவருக்கும் நாலு கடை ஏறி இறங்கிய நான், தரைக்கடியில் போகும் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது வாரமே ஃப்ளஷ் செய்தால் தரை ஜாலியில் 'களக் களக்' என்று சத்தம், கூடவே நாற்றம். ஒரு மாதத்தில் அடைத்துக்கொண்டது. "புது பைப்பு சார், போகப் போக சரியாயிடும்" என்றார் கான்ட்ராக்டர். புதுச் செருப்பு கடிக்கும், அப்புறம் பழகிவிடும். பைப்புமா?

கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் படிந்த பிறகு வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். டைல்ஸை உடைத்து, பைப் மேல் ரசமட்டத்தை வைத்துச் சரிவு பார்த்தார். வாட்டமே இல்லை, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவே இல்லை. டாய்லெட்டை ஜன்னல் ஓரம் வைக்கச் சொன்னது நான்தான், அது உண்மை. ஆனால் கீழே இறங்கும் பைப் எதிர்ச்சுவரில், 14 அடி தள்ளி. 40 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் 14 அடிக்கு நாலு அங்குலத்துக்கு மேல் இறக்கம் வேண்டும். 110 மில்லிமீட்டர் பைப்பே நாலே கால் அங்குலம். இரண்டும் சேர்ந்தால் எட்டரை. கான்ட்ராக்டர் தரையை உயர்த்தியது ஆறு அங்குலம்தான். எங்கிருந்து வாட்டம் வரும்? 'அங்கே வேண்டாம் சார்' என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவர், தலையாட்டிவிட்டுப் பைப்பை மட்டமாகப் படுக்க வைத்துவிட்டார். திருப்பத்தில் இரண்டு 45 டிகிரி பெண்ட் (வளைவு) போட வேண்டிய இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போ.

சத்தத்துக்குக் காரணம் வேறு. இறங்கும் பைப்பைக் கூரைக்கு மேல் வரை ஏற்றிக் காற்றுக்கு வழி விடாமல், நடுவிலேயே மூடி போட்டு அடைத்திருந்தார். ஃப்ளஷ் செய்யும்போதெல்லாம், காற்று கிடைக்காத அந்தப் பைப், ட்ராப்பில் (ஜாலிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வளைவில்) நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். நாற்றத்தைத் தடுப்பதே அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான்.

டாய்லெட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். 42,000 ரூபாய் தண்டம். இந்தத் தடவை பைப் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்கவில்லை என்று மறுநாள் காலையில் பார்த்த பிறகுதான் தரையை மூட விட்டேன். மூடுவதற்கு முன் அளவு டேப்பை வைத்து போட்டோவும் எடுத்துக்கொண்டேன். கடைசித் தவணையை ஒரு மாதம் கழித்துத் தருவதாக முதலிலேயே பேசி வைத்தேன்.

பழைய கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் அப்போதே கொடுத்திருந்தேன். இப்போது போனை எடுப்பதில்லை. அந்த டைல்ஸும் கடையில் கிடைக்கவில்லை, பாதித் தரை வேறு நிறத்தில் இருக்கிறது.