விறகடுப்பின் புகைக்குழாயை எப்போது சுத்தம் செய்வது: வண்டிப்பெரியாற்றில் 11 ஆண்டு அனுபவம்

வண்டிப்பெரியாற்றில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறிய 2013ஆம் ஆண்டில், சமையலறையை ஒட்டிய சிறிய அறையில், கேரளத்து வீடுகளில் பரவலாகக் காணப்படும் புகையில்லா அடுப்பு ஒன்றைப் பதித்து, அதிலிருந்து 4 அங்குலக் குழாயைக் கூரைக்கு மேலே 3 அடி வரை கொண்டுபோய்த் தொப்பி போட்டு நிறுத்தினோம். எரிவாயு அடுப்பும் உண்டு என்றாலும் சோறு வடிப்பதும் குளிக்க வெந்நீர் போடுவதும் இன்றுவரை விறகடுப்பில்தான். குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று அன்றே கேட்டேன். அடுப்பைப் பதித்த மேஸ்திரி, "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தட்டிவிட்டாப் போதும்க்கா" என்றார். ஐந்து ஆண்டுகள் அந்தச் சொல்லை நம்பியே இருந்தோம்.

2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தின் பாதைகள் பலவும் மண்சரிந்து அடைபட்டபோது, எங்களுக்கு வர வேண்டிய சிலிண்டர் வரவில்லை. பரணில் அடுக்கியிருந்த காய்ந்த விறகு நான்கு நாளில் தீர்ந்தது. அதன்பின் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பாதி நனைந்து கிடந்த சில்வர் ஓக் கிளைகளையும் தேயிலைக் கவாத்து விறகையும் எரித்தோம். ஒருமுறை அணைந்தால் மறுபடி மூட்டுவது பெரும்பாடு என்பதால், இரவிலும் ஒரு கட்டையை உள்ளே தள்ளி, காற்று போகும் வாயைப் பாதி மூடி, கனலவிட்டு வைத்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே ஓடியது. "அடுப்பு மூச்சு விட மாட்டேங்குது, பாரும்மா" என்று அத்தை இரண்டு முறை சொன்னார்கள். ஈரக்காற்று புகையை அமுக்குகிறது என்று நான் சமாதானம் சொன்னேன். அது தவறு; அவர்கள் சொன்ன அன்றே அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

மழை வெறித்தபின் தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து தங்கை ஒரு மூட்டை கொட்டாங்குச்சி அனுப்பியிருந்தாள். நன்றாக உலர்ந்த அந்தக் கொட்டாங்குச்சியைப் போட்டு, ஈரத்துணிகளைக் கொதிக்கவைக்கப் பெரிய அண்டாவை ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள்ளிருந்து, பாரம் ஏற்றிய லாரி குமுளி மலைப்பாதையில் முதல் கியரில் ஏறுவதுபோல ஓர் உறுமல் கிளம்பியது. அடுப்பை ஒட்டியிருந்த இரும்புத் தகட்டு வளைவு மங்கலான சிவப்பாக மாறியது. வெளியே ஓடிப் பார்த்தால் தொப்பிக்கு அடியிலிருந்து பொறி பறந்துகொண்டிருந்தது. என் மகன் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் அப்பா அவனைத் தடுத்து, சாம்பலை அள்ளிப் போட்டுத் தீயை மூடி, அடுப்பின் வாயையும் காற்று வாயையும் தகரத்தால் அடைத்தார். காய்ந்து சிவந்த குழாயில் தண்ணீர் பட்டால் அது வெடித்துப் பிளக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். தண்ணீரைத் தடுத்தது சரியே. ஆனால் அதற்கும் முன்னதாகச் செய்திருக்க வேண்டியது, எல்லோரும் வெளியேறி 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைப்பது. கால்மணி நேரத்தில் அது தானாக அடங்கியது எங்கள் நல்ல காலம். மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் நெடுக விரிசல் கண்டிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பது விளங்கிய பிறகுதான் சுத்தம் செய்யும் கணக்கும் விளங்கியது. ஈர விறகு எரியும்போது வெப்பத்தின் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. முழுதும் எரியாத புகை, குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து தாராக உறைகிறது. இதைக் கிரியோசோட் என்பார்கள். காற்றை அடைத்துக் கனலவிட்டால் இது இன்னும் வேகமாகச் சேரும். முதலில் தூளாக இருப்பது, பிறகு செதில் செதிலாகி, கடைசியில் கண்ணாடிபோல் மினுங்கும் கெட்டிப் பூச்சாகிவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் சாதாரணத் தூரிகைக்கு அசையாது. நாள்கணக்காக நாங்களே பூசிவைத்த அந்தத் தாரைத்தான், ஒரே நாளில் கொட்டாங்குச்சியின் கடும் வெப்பம் பற்றவைத்தது.

அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் தரநிலை, புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. அங்குள்ள புகைபோக்கித் துப்புரவுத் தொழிலாளர் பயிற்சி அமைப்புகள், கரி எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் சேர்ந்தால் சுத்தம் செய்யச் சொல்கின்றன. பிரிட்டனில் விறகு எரிக்கும் வீடுகளுக்கு, பயன்படுத்தும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது அத்தொழிலாளர் சங்கத்தின் அறிவுரை. இவையெல்லாம் குளிர்காலத்தில் மட்டும் கணப்பு மூட்டும் நாடுகளுக்கு ஏற்பச் சொல்லப்பட்டவை. நம் வீட்டிலோ அடுப்பு 365 நாளும் எரிகிறது; ஜூனில் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவம் முடியும்வரை விறகை முழுதாக உலரவிடுவதில்லை. ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு 3 மில்லிமீட்டர் என்ற அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ அந்தத் தடிமன் வரும்.

2018 இறுதியில் குழாய் முழுவதையும் எவர்சில்வராக மாற்றி, வளைவில் கழற்றி மாட்டும் மூடி ஒன்று வைத்தோம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இன்னும் வைத்திருப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அதைக் கம்பித் தூரிகையால் உலர்வாகச் சுரண்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு, சுத்தம் செய்வதைவிட மாற்றிவிடுவது மேல்.

2019இல் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து மே வரை, உலர்ந்த விறகில், ஒரு மில்லிமீட்டர்கூடச் சேரவில்லை. விரலால் தொட்டால் உதிரும் பழுப்புத் தூள் மட்டுமே. ஜூன் முதல் ஆகஸ்ட் நடுவுக்குள் இரண்டு நாணயத் தடிமன் வந்துவிட்டது. கறுத்து, விரலில் பிசுபிசுவென ஒட்டியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மூன்று முறை சுத்தம் செய்தோம். 2020இல், பக்கங்கள் திறந்து, மேலே தகரம் வேய்ந்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி விறகுக் கொட்டகை போட்டோம். ஒரு மழைக்காலத்துக்கு வேண்டிய விறகை முந்தின ஆண்டு டிசம்பரிலேயே பிளந்து அடுக்கிவிடுகிறோம். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். எங்களிடம் கருவி இல்லை, இரண்டு துண்டுகளை மோதினால் 'டங்' என்று கேட்க வேண்டும், முனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், அவ்வளவே. கொட்டகை வந்தபின் மழைமாதப் படிவு பாதியாகக் குறைந்தது. 2021 முதல் மே கடைசி வாரம் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என இரண்டு முறை போதுமானதாக இருக்கிறது. கம்பத்தில் தங்கை வீட்டிலும் இதே அடுப்புதான். அங்கே மழை குறைவு, விறகு சருகாய் உலர்ந்திருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை திறந்தாலே ஒரு கிண்ணம் தூள்தான் விழுகிறது.

சுத்தம் செய்யும் வேலை கடினமன்று. முந்தின இரவே அடுப்பை அணைத்து, குழாய் முழுதும் ஆறியபின், குழாயின் அளவுக்குச் சரியான வட்ட நைலான் தூரிகையைக் கோலில் பொருத்தி, கீழிருந்து மேலே தள்ளி இழுக்க வேண்டும். கூரைக்கு மேலே காற்றுபடும் அந்த 3 அடியிலும் தொப்பியின் உட்புறத்திலும்தான் படிவு அதிகம், ஏனென்றால் புகை அங்கேதான் குளிர்கிறது. வளைவில் உதிர்ந்தவை குவிந்து கிடக்கும். கூரையில் ஏறுவதற்கு மட்டும் பழகிய ஓர் ஆளை வைத்துக்கொள்கிறோம், அதுவும் பாசி வழுக்காத மே மாதத்தில். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் இறங்க விடுவதில்லை. புகைக்கரி புற்றுநோய் உண்டாக்கும் என்பதை, புகைபோக்கி துடைத்த தொழிலாளர்களைக் கண்டு 1775ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட் எழுதிவிட்டார். அடுப்புச் சாம்பலை வாழைக்குப் போடுவோம். தார் கலந்த கரியைத் தோட்டத்தில் சேர்ப்பதில்லை.

தேதி வராவிட்டாலும் உடனே திறக்க வேண்டிய தருணங்கள் உண்டு. மூட்டும்போது புகை அடுப்பு வாய் வழியே திரும்புவது, மழைநாளில் அறையில் தார் வாடை வீசுவது, இணைப்புகளில் கறுப்பு நீர் வழிந்து சுவரில் கோடு விழுவது ஆகியவற்றை நான் அலட்சியம் செய்வதில்லை. அடைபட்ட குழாயிலிருந்து திரும்பும் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சமைப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். பல நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினாலும் மூட்டுமுன் பார்ப்பது நல்லது. 2022 சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தபோது, தொப்பிக்கு அடியில் மைனா ஒன்று வைக்கோலும் பாலித்தீன் துண்டுகளும் கொண்டு கூடு கட்டியிருந்தது. அதன்பின் தொப்பியைச் சுற்றிப் பெரிய கண் கம்பிவலை போட்டோம். சிறிய கண் வலையானால் கரி சேர்ந்து அதுவே அடைத்துவிடும் என்று இரும்புப் பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கிறது. இரண்டு சுத்தத்துக்கு நடுவே அந்த வலையை இதுவரை தனியாகத் தட்ட வேண்டி வரவில்லை.