நொச்சி இலைச் சாறு: காகித வட்டா, 96 குழித் தட்டா?

இலைச் சாறு கிருமியை அடக்குகிறதா என்று பார்க்கக் கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம். கிருமி தடவிய அகர் (கூழ் ஊடகம்) தட்டில் சாறு ஊறிய காகித வட்டை வைத்து, சுற்றி விழும் தெளிந்த வளையத்தை அளக்கலாம். அல்லது 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, எந்தச் செறிவு வரை கிருமி அடங்கியது என்று பார்க்கலாம். கடலூர் கெடிலக் கரையில் பறித்த நொச்சி இலையை வைத்து, புதுச்சேரியில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் குழித் தட்டுக்கு மாறிவிட்டேன்.

செலவும் எளிமையும் வட்டின் பக்கம். வடிதாளில் 6 மி.மீ. வட்டு வெட்டிக்கொண்டால் போதும். வளையத்தை அளக்க ஓர் அளவுகோல். குழித் தட்டுக்கு, மிகச் சிறு அளவுகளை அளந்து விடும் நல்ல மைக்ரோபிப்பெட்டும் நிதானமான கையும் வேண்டும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: சாறு அகருக்குள் பரவுகிறதா என்பது. பாவரும் கிர்பியும் 1966-இல் வட்டு முறையை வகுத்தது ஆன்டிபயாடிக்குகளுக்காக. அவை நீர் நிறைந்த அகரில் பரவும். நொச்சி இலையில் உள்ள காஸ்டிசின் போன்ற ஃபிளேவனாய்டு (ஒருவகைத் தாவரச் சேர்மம்) நீரில் எளிதில் கரையாது. சாற்றில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைந்து வந்த பகுதியை வட்டில் இட்டபோது, கரும்பச்சைக் கறை காகிதத்தோடு நின்றுவிட்டது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வட்டின் விளிம்பு வரை செழித்து வளர்ந்திருந்தது. அதே பகுதியை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துக் குழியில் விட்டபோது வளர்ச்சி அடங்கியது. வட்டை மட்டும் நம்பியிருந்தால், செயல்படும் பகுதியையே ஒதுக்கிவிட்டு மேலே போயிருப்பேன். வளையத்தின் அகலத்தை வைத்து இரண்டு சாறுகளின் வீரியத்தை ஒப்பிடுவதும் இதனால்தான் தவறு. சிறிய மூலக்கூறு வேகமாகப் பரவி, வலுவில்லாமலேயே பெரிய வளையம் காட்டிவிடும்.

சரக்குச் சிக்கனமும் உண்டு. சாற்றின் சேர்மங்களைச் சிலிக்கா நிரப்பிய குழாயில் (சிலிக்கா பத்தி) பிரித்தபின் கையில் மிஞ்சுவது சில மில்லிகிராம். 512 மைக்ரோகிராம்/மி.லி. செறிவில் தொடங்கினால் குழித் தட்டின் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 0.1 மி.கி. போதும், வட்டு ஒன்றுக்கே அரை மில்லிகிராமோ அதற்கு மேலோ பலரும் இடுகிறார்கள்.

இலையின் பச்சையத்தால் கிருமி வளர்ந்ததைக் காட்டும் கலங்கல் குழியில் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ரெசசூரின் என்ற நீலச் சாயம் விட வேண்டும்: கிருமி உயிரோடு இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். சாற்றில் உள்ள ஃபீனால்களே நிறத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால், கிருமி சேர்க்காத சாற்றுக் குழி ஒன்றும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் விட்ட குழி ஒன்றும் கட்டாயம் வையுங்கள்.

நொச்சித் தைலத்துக்கு மட்டும் இதே உறுதியோடு சொல்லமாட்டேன். ஆவியாகும் எண்ணெய் பக்கத்துக் குழிக்கும் தாவும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு. பூஞ்சைகளிலும் அப்படியே.

மற்றபடி, நீலமாக நின்ற குழிகளிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதிய அகரில் தேய்த்து வைத்தால், சாறு கிருமியைக் கொன்றதா, வளரவிடாமல் நிறுத்தி மட்டும் வைத்ததா என்பதும் மறுநாளே தெரிந்துவிடும்.