"இரவில் நன்றாகத் தூங்குவார்" என்று சொல்லி அனுப்பினார்கள்: வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு

முதியவர் ஒருவரின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு முதன்முறையாகப் போகவிருப்பவர்களுக்காக, ஓர் ஏஜென்சியிடம் நான் ஏமாந்த விதத்தை எழுதுகிறேன்.

"பாட்டி தானாகவே நடப்பார், பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தால் போதும், இரவில் நன்றாகத் தூங்குவார்" என்றுதான் என்னிடம் சொன்னார்கள். பதிவுக்கு ஒரு கட்டணம், இரண்டு நாள் பயிற்சிக்கு இன்னொரு கட்டணம் என்று வாங்கிக்கொண்டதோடு, சரிபார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி என் அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொண்டார்கள். பயிற்சி என்பது ஒரு காணொளியும், பொம்மை ஒன்றுக்கு உடை மாற்றிக் காட்டியதும்தான்.

போய்ப் பார்த்தால், பாட்டி பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து படுத்த படுக்கையாக இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிய தாள் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை, தூக்குவதற்குக் கருவியும் இல்லை. மூன்றாவது வாரத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாட்டியின் மேல் எனக்கு மனக்குறை கிடையாது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும், நன்றாக இருந்த கையால் கட்டில் கம்பியைப் பற்றி, தன் பாரத்தைத் தானே கொஞ்சம் தாங்கிக்கொள்ளப் பார்ப்பார்.

ஏஜென்சிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "இடையில் தூங்குகிறீர்கள் அல்லவா, அது ஓய்வு நேரம்தான்" என்றார்கள். அது சரியில்லை என்று பட்டதே தவிர, எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையைப் பின்னர்தான் படித்தேன். வாரந்தோறும் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், அடையாள ஆவணங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமை பணியாளருக்கு உண்டு, ஏஜென்சியின் கட்டணத்தை அவர் ஊதியத்தில் பிடிக்கக்கூடாது என்கிறது அது. அழைத்தால் எழுந்து வர வேண்டிய காத்திருப்பையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவில், வேலை நேரமாகவே கொள்கிறது. ஆனால் இதை ஏற்று உறுதிசெய்த நாடுகளை மட்டுமே இது கட்டுப்படுத்தும் என்பதால், நீங்கள் வேலை செய்யும் நாட்டின் சட்டத்தைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரு நோட்டுப்புத்தகம். மறந்துவிடக்கூடாது என்பதற்காகவே, புரட்டிய நேரங்களை அதில் குறித்துவந்தேன்: 11.10, 1.15, 3.05, 5.10. வெளியூரிலிருந்து வந்த பாட்டியின் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரிக்கு வேறு ஆள் வருவதில்லையா? அதற்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் கட்டுகிறோம்" என்று கேட்டார். இரண்டு பேருக்கான பணத்தை வாங்கிக்கொண்டு ஒருத்தியை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்குமே விளங்கியது.

ஆகவே, சேருவதற்கு முன்பே குடும்பத்தாரிடம் நேரடியாகப் பேசுங்கள். இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும், தூக்கிவிட யார் துணை, முன்பு இருந்தவர் ஏன் விலகினார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதற்கு இடம்தர மறுக்கும் ஏஜென்சியிடம் சான்றிதழின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

மகள் சண்டை போட்டதால் என் சான்றிதழ்கள் திரும்பி வந்தன. கட்டணம் வரவில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டபோதுதான், அதில் "நன்கொடை" என்று எழுதியிருந்ததைப் படித்தேன்.