பாலக்கோடு பக்கம் எங்கள் ஊராட்சி அலுவலகம்: 5-க்கு 3

என் தையல் கடைக்கு எதிரில்தான் எங்கள் கிராம ஊராட்சி அலுவலகம். வீட்டு வரி, குழாய் இணைப்பு, தெருவிளக்கு என்று ஆறு வருடமாக அங்கே போய்வருகிறேன். எப்போது திறக்கிறார்கள், எப்போது பூட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டு வரி இப்போது ஆன்லைனில்தான். எனக்குப் போனில் கட்டத் தெரியாதபோது செயலர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், ரசீது அப்போதே வந்தது. அந்தப் பணம் எங்கள் ஊராட்சிக் கணக்குக்கே போகிறது என்பதால் கட்டுவதில் எனக்கு ஒரு திருப்தி.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த என் அம்மாவின் பல் முழுக்கப் பழுப்புக் கறை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்த பிறகு காவிரித் தண்ணீர் வந்தது. என் மகள் பல் வெள்ளையாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஊர்த் தொட்டி வரை வருவது மேலே இருப்பவர்கள் பொறுப்பு, தொட்டியிலிருந்து வீட்டுக்கு வருவது ஊராட்சியின் பொறுப்பு. தெருவில் வால்வு ஒழுகினால் டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே சரியாகிவிடும். போன கோடையில் ஊருக்கு வெளியே மெயின் குழாய் உடைந்தபோது பதினொரு நாள் காத்திருந்தோம். செயலர் தினமும் போன் போட்டார். அந்தக் குழாயில் கைவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பதினொரு நாளும் என் மகள் போர் தண்ணீரைத்தான் குடித்தாள். அதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை.

தெருவிளக்கிலும் இதே கதைதான். 2022-ல் காலையில் தலைவரிடம் சொன்னேன், மறுநாள் சாயங்காலம் பல்பு எரிந்தது. 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தலைவருக்குப் பதில் பி.டி.ஓ.வை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரை, தனி அலுவலராகப் போட்டார்கள். அதே கம்பத்துக்குப் பல்பு மாட்ட மூன்று வாரம் ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தலையில் எத்தனையோ ஊராட்சிகள். ஆனால் தலைவர் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் இரவில் வீட்டுக்குப் போவார்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கழிவுநீர்க் கால்வாய் வேண்டும் என்று மூன்று கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். மேலிருந்து அனுமதி வரவில்லை என்றே ஒவ்வொரு தடவையும் பதில். 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது; குடிநீர், சாலை, ஆரம்பப் பள்ளி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த அதிகாரங்களை மாநிலம் ஊராட்சிக்குத் ‘தரலாம்’ என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, ‘தர வேண்டும்’ என்று இல்லை. டெல்லி மாநிலத்துக்குத் தரவில்லை என்று நாம் கோபப்படுகிறோம், அந்தக் கோபம் நியாயம்தான். அதே நியாயம் சென்னைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவிலும் வேண்டும்.

5-க்கு 3 தருகிறேன். குறைத்த இரண்டும் செயலருக்கோ ஆபரேட்டருக்கோ குறைத்தவை அல்ல. கையில் இருக்கிற வேலையை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

போகிறவர்கள் பழைய வரி ரசீதைக் கையோடு எடுத்துப்போங்கள், தேடுகிற நேரம் மிச்சம். வருடத்தில் ஆறு கிராம சபை. அப்புறம் ஒன்று, தீர்மானம் புத்தகத்தில் எழுதி முடிந்த பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். அடுத்த சபைக்குக் கால்வாய்த் தீர்மானத்தை நான்காவது தடவையாக எழுதி வைத்திருக்கிறேன்.