பழைய ஸ்விஃப்டுக்குப் புதிய கார்களின் சக்கரம்: எந்த செட் பொருந்தும்?

2005ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவில் அறிமுகமான முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் பெரிய குறை இல்லாமல் இன்றும் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழ்வகைகளில் 165/80 ஆர்14 டயரும், மேல்வகையான இசட்எக்ஸ்ஐயில் 185/70 ஆர்14 டயரும் வந்தன. (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.) இந்த 14 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, புதிய கார் ஒன்றிலிருந்து இறக்கப்பட்ட சக்கரங்களைப் பூட்ட நினைப்பவருக்குச் சந்தையில் பெரும்பாலும் மூன்று விதமான செட்டுகள் கிடைக்கின்றன. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டில் கம்பெனியே பூட்டித் தந்த 15 அங்குல அலாய் (உலோகக் கலவைச் சக்கரம்) முதலாவது. 2015இல் வந்த பலேனோவின் கம்பெனி 16 அங்குல அலாய் இரண்டாவது. புதிய காருக்கென வெளிக்கடையில் வாங்கிப் பூட்டப்பட்டு, அந்தக் காரை விற்கும்போது தனியே கழற்றி விற்கப்படும் 16 அல்லது 17 அங்குல அலாய் மூன்றாவது. என் கருத்தில் முதலாவதே சிறந்தது. மூன்றாவதையும் அடியோடு ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் அதன் பின்புறத்தில் வார்க்கப்பட்டிருக்கும் எண்களைப் படித்த பிறகே விலை பேச வேண்டும்.

கம்பெனி செட்டுகள் இரண்டுக்கும் பொருத்தத்தில் சிக்கல் இல்லை. பழைய ஸ்விஃப்ட் உட்பட மூன்று கார்களிலும் நான்கு நட்டுகள், 100 மில்லிமீட்டர் பிசிடி (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), 54.1 மில்லிமீட்டர் நடுத்துளை, 12 மில்லிமீட்டர் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு), 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளி என எல்லாம் ஒன்றே. (பிரெஸ்ஸா, எஸ்எக்ஸ்4 ஆகியவற்றின் சக்கரங்களை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம், அவை மாருதியே ஆனாலும் ஐந்து நட்டு, 114.3 பிசிடி கொண்டவை.) உருளும் அளவும் நெருங்கியே வருகிறது. 185/70 ஆர்14 டயரின் முழு விட்டம் சுமார் 615 மில்லிமீட்டர், 165/80 ஆர்14 டயருக்கு 620, இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 டயருக்கு 621.5, பலேனோவின் 195/55 ஆர்16 டயருக்கு 621. எனவே ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தில் ஏற்படும் மாற்றம் அதிகபட்சம் ஒரு சதவீத அளவுதான். அதை ஓட்டுநர் உணரவே மாட்டார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு டயரின் பக்கச்சுவர் உயரத்தில் இருக்கிறது. பழைய 185/70 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் ரப்பர் நின்றது. 15 அங்குலத்தில் அது 120 ஆகவும், பலேனோ செட்டில் 107 ஆகவும், 205/45 ஆர்17 போட்டால் 92 ஆகவும் குறைகிறது. அறிவிப்புப் பலகையோ வெள்ளைக்கோடோ இல்லாத வேகத்தடைகளையும், மழைக்குப் பின் தண்ணீர் மூடிய பள்ளங்களையும் தினமும் கடப்பவருக்கு இந்த 38 மில்லிமீட்டர் இழப்பு, ரிம் வளைவதாகவும் பக்கச்சுவர் புடைப்பதாகவும் திரும்பி வரும். வளைவில் வண்டி நிற்கும் விதம் பெரிய சக்கரத்தில் மேம்படுவது உண்மையே. ஆனால் 165/80இல் இருந்து 185/65க்கு மாறும்போதே அந்த மேம்பாட்டின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

சுமைத்தாங்கும் திறனைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. டயர் அளவுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்க எண்ணே அதன் சுமைக்குறியீடு. 185/65 ஆர்15 டயரில் வழக்கமாக 88 இருக்கும், அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ. 195/55 ஆர்16இல் 87, அதாவது 545 கிலோ. ஒல்லியாகத் தெரியும் பழைய 165/80 ஆர்14இல் கூட 85, அதாவது 515 கிலோ. கூடுதல் சுமைக்கென வலுவூட்டப்படாத சாதாரண 205/45 ஆர்17 டயரிலோ 84, அதாவது 500 கிலோதான். பார்வைக்கு மிரட்டலாக இருக்கும் டயர், கம்பெனி கொடுத்த அடிப்படை டயரைவிடக் குறைவாகவே சுமக்கிறது. குடும்பத்தோடு சாமான் ஏற்றி ஊருக்குப் போகும் வண்டிக்கு இது சிறிய விஷயம் அல்ல. பழைய டயரின் குறியீட்டுக்குக் கீழே இறங்காமல் இருப்பதுதான் விதி; 17 அங்குலமே வேண்டும் என்பவர் 88 குறியீடு கொண்ட வலுவூட்டிய டயரைத் தேடி, அதற்குரிய காற்றழுத்தத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிக்கடை அலாய்களில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆஃப்செட். சக்கரம் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் அச்சு முனையில்) அமரும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள சக்கரம் இருந்த இடத்தில் 7 அங்குல அகலமும் 38 ஆஃப்செட்டும் உள்ள ஒன்றைப் பூட்டினால், ரிம்மின் வெளிவிளிம்பு 26 மில்லிமீட்டர் வெளியே வருகிறது, உள்விளிம்பு 12 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் பக்கம் நகர்கிறது. வெளியே வந்த விளிம்பு பின்இருக்கையில் மூன்று பேர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டு மடிப்பை உரசும். உள்ளே போன விளிம்பு, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மட்கார்டின் உட்புறத் தடுப்பான உள்லைனரைத் தேய்க்கும். ஆஃப்செட் குறையக் குறைய வீல் பேரிங்குக்கு விழும் சுமையும் கூடுகிறது. முதலில் பூட்டப்பட்டிருந்த புதிய காரில் இந்தச் சக்கரம் உரசவில்லை என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் காரின் சக்கர வளைவுக்குள் இருந்த இடம் உங்கள் வண்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்குவதற்கு முன் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, பின்னால் ஆள் ஏற்றி, மெதுவாக ஒரு வேகத்தடை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

நடுத்துளையும் வெளிக்கடைச் சக்கரங்களில் கவனிக்க வேண்டியதே. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று அவற்றைப் பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டர் துளையோடு செய்கிறார்கள். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மில்லிமீட்டர்தான். இடைவெளியை நிரப்பும் வளையம் முந்தைய காருக்கேற்ற அளவில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்: ஹூண்டாய் ஐ20இல் இருந்து வந்திருந்தால் 54.1 என்பதால் அப்படியே உதவும். ஹோண்டா சிட்டியில் இருந்து வந்திருந்தால் 56.1, எனவே மாற்ற வேண்டும். வளையத்தின் வேலை சக்கரத்தை நடுவில் நிறுத்துவது; சுமையைத் தாங்குவது நட்டின் இறுக்கமே. அதனால் பிளாஸ்டிக் வளையம் போதும். அது இல்லாமல் பூட்டிய சக்கரம் சற்றே நடு தவறி அமர்ந்தால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது நிற்காது.

நட்டில்தான் ஆபத்து அதிகம். ஐ20, சிட்டி இரண்டிலும் ஸ்டட்டின் தடிமன் அதே 12 மில்லிமீட்டர். மரை இடைவெளி மட்டும் 1.5. சக்கரத்தோடு இனாமாக வந்த பளபளப்பான நட்டை ஸ்விஃப்டின் ஸ்டட்டில் வைத்தால் இரண்டு சுற்று கையாலேயே ஏறும், பிறகு பிடித்துக்கொள்ளும். துரு என்று நினைத்து அங்கே ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் கருவி) வைத்து அடித்தால் ஸ்டட்டின் மரை நசுங்கிப்போகும். நட்டு கடைசிவரை கையால் சுற்ற வேண்டும். நட்டு சக்கரத்தில் பதியும் முகத்தின் வடிவமே அமர்வு: ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை அமர்வு கொண்டது, வெளிக்கடை அலாய்களில் பெரும்பாலும் கூம்பு அமர்வே இருக்கும். ஆகவே சுஸுகியின் 1.25 மரையில், கூம்பு அமர்வுள்ள புதிய நட்டுகளை வாங்குவதே பாதுகாப்பு. பூட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சக்கரம் சோதனையிலும் காப்பீட்டு ஆய்விலும் முதலில் கண்ணில் படும். அளவில் நெருங்கிய கம்பெனி 15 அங்குலச் செட்டுக்கு அந்தத் தலைவலி குறைவு.

டயரோடு சேர்த்து விற்கப்படும் செட்டாக இருந்தால், பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் (சாலையில் படும் வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்த டயருக்கென்று தனியாக விலை வைக்காமல், வெறும் ரிம்முக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பேசுங்கள்.